தண்ணீர்த் தொட்டியில் ஒரு தரை ஆமை: குஞ்சுக்கு வீடு அமைத்த ஒன்பது நாட்கள்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டார் சம்மதித்தார்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். நான் அவர்களுக்கு ஆலோசனை சொன்ன மிருக வைத்தியன். நாய், பூனை, மாடு, ஆடு, கோழி இவைதான் என் அன்றாட வேலை. ஆமை வருவது வருடத்துக்கு நாலைந்து தடவை இருந்தால் பெரிய விஷயம். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இந்தச் சம்பவத்தில் நடந்த முதல் பிழை என்னுடையது.

பின்னணி

கார்த்திகை விளக்கீடு முடிந்து ஒரு கிழமை இருக்கும். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வீட்டில் தாய், பத்து வயது மகன், நாலு வயது மகள், அம்மம்மா. தகப்பன் வெளிநாட்டில். தாயின் தம்பி மன்னார்ப் பக்கம் வீதி வேலைக்குப் போய் வருபவர். அன்று பின்னேரம் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாகத் திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பால்மா ரின் இருந்தது. மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள், உள்ளே ஈரப் புல், புல்லுக்கு மேல் ஒரு ஆமைக் குஞ்சு. பற்றைக் காட்டை ஒட்டிய தார் வீதியின் நடுவில் நின்றதாம். லொறிக்குள் நசிந்து போகும் என்று எடுத்தவர், மருமகனுக்கு நல்ல பரிசு என்று கொண்டு வந்துவிட்டார். எடுத்ததில் பிழையில்லை. வீதியின் மறுகரையில் பற்றைக்குள் வைத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அம்மம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது எண்டு சும்மாவே சொன்னவை?” என்று கேட்டாராம். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, “அப்ப கிணத்துக்குள்ள விடுங்கோ, தண்ணியாவது சுத்தமாயிருக்கும்” என்றாராம். அமீனா என்றால் நீதிமன்ற ஆணையோடு வரும் சேவகர். அவர் சொன்னது ஒன்பதாம் நாள் ஒரு விதத்தில் பலித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலாம் நாள்: தொலைபேசியில் சொன்ன ஆலோசனை

இரவு ஏழரைக்குத் தாய் அழைத்தார். “டொக்டர், ஒரு ஆமைக் குஞ்சு கிடைச்சிருக்கு. அதுக்கு வீடு மாதிரி ஒண்டு செய்யவேணும். என்ன வாங்கிறது?” கிளினிக்கில் அந்த நேரம் ஆறு பேர் காத்திருந்தார்கள். இங்கே மீன் விற்கும் கடைகளில் ஆமைக் குஞ்சு என்று விற்பது பெரும்பாலும் சிவப்புக் காது ஆமை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள அமெரிக்க நன்னீர் ஆமை. அதுதான் என் நினைவில் வந்தது. மீன் தொட்டி இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார். நாலு விரல்கடை தண்ணீர் விடச் சொன்னேன், ஏறி இருக்க ஒரு கல் வைக்கச் சொன்னேன். மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று வைத்துவிட்டேன். ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

நன்னீர் ஆமைக்கு அது சரியான ஆலோசனை. வந்திருந்ததோ தரை ஆமை.

தமிழில் நமக்கு எல்லாமே ஆமைதான். கடலில் நீந்துவதும் குளத்துச் சேற்றில் கிடப்பதும் ஆமை. தண்ணீருக்குள் இறங்காமல் பற்றைக்குள்ளேயே காலம் கழிப்பதும் ஆமை. பேச்சு வழக்கில் இந்த ஒரு சொல் போதும். வைத்தியன் இந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு அமைக்கச் சொல்லக் கூடாது. கால் எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே போதுமாயிருந்தது. விரல்களுக்கிடையில் சவ்வு இருந்தால் தண்ணீர் ஆமை. யானைக் கால் போல மொத்தையாக, உருண்டையாக இருந்தால் தரை ஆமை. தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது.

இரண்டாம் நாள்: கண்டவை

விடியற்காலை ஐந்தேகாலுக்கு அடுத்த அழைப்பு. “கழுத்தை வெளியில நீட்டிக்கொண்டு சரிஞ்சுபோய்க் கிடக்கு டொக்டர், வாயும் திறந்திருக்கு.” மகன்தான் முதலில் கண்டிருக்கிறான். வைத்த கல் வழுவழுப்பானது, செங்குத்தானது. குஞ்சு அதில் ஏற முடியாமல் இரவெல்லாம் தொட்டியைச் சுற்றிக் கால் அடித்திருக்கிறது.

தண்ணீரிலிருந்து எடுத்துத் தலையைக் கீழாகச் சரித்துப் பிடிக்கச் சொன்னேன். கழுத்தை மெதுவாக நீட்டி, முன்கால்கள் இரண்டையும் உள்ளே தள்ளி வெளியே இழுத்துக்கொண்டிருக்கச் சொன்னேன். ஆமைக்கு நெஞ்சை அமுக்கி மூச்சு வரவைக்க முடியாது, ஓடு விடாது. கால் அசைவில்தான் உள்ளே அழுத்தம் மாறும். மூக்கால் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் வந்ததும் கண் திறந்ததாகச் சொன்னார்கள். பருத்தித் துணியில் சுற்றி ஓட்டோவில் கொண்டு வந்தார்கள்.

மேசையில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. உயர்ந்த குவிந்த ஓடு. ஒவ்வொரு தகட்டிலும் மஞ்சளும் கறுப்பும். கதிர்கள் இன்னும் சரியாக விரியவில்லை, அவை ஓடு வளர வளரத்தான் நீளும். முன்காலில் தடித்த செதில்கள். நட்சத்திர ஆமை. இலங்கைக்கு உரிய ஒரே தரை ஆமை இனம் இதுதான். வறண்ட வலயத்துப் பற்றைக் காடும் புல்வெளியும் இதன் இடம். மழைக் காலத்தில்தான் அதிகம் நடமாடும்.

ஓட்டின் நீளம் 4.6 சென்ரிமீற்றர். என் தராசு நாய்க்குரியது, ஐம்பது கிராமுக்குக் கீழே அதற்குக் கணக்கே இல்லை. பக்கத்து நகைக் கடைக்காரர் தன் தராசைத் தந்தார். ஒரு கிண்ணத்தில் வைத்து நிறுத்தோம்: 29 கிராம். “மூண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல வரும் டொக்டர்” என்றார் அவர். வயிற்றுப் பக்கம் மஞ்சள்கரு ஒட்டியிருந்த இடத்தின் தழும்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. பிறந்து சில வாரங்கள்தான். கண் சற்றுக் குழிந்திருந்தது. மூக்கில் ஈரம், ஆனால் குமிழி இல்லை. மூச்சில் கரகரப்பு இல்லை.

தீர்மானம் ஒன்று: மருந்து வேண்டாம்

தண்ணீர் நெஞ்சுக்குள் போயிருந்தால் நுரையீரல் அழற்சி வரலாம். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே உடலில் நீர் குறைந்த, 29 கிராம் எடையுள்ள ஒரு உயிருக்கு, நோய் அறிகுறி தெளிவாக இல்லாதபோது ஊசி போட்டால் சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். அதனால் போடவில்லை. வெப்பமாக வைத்து, நீர்ச்சத்தை மீட்டு, மூக்கையும் மூச்சையும் நாலு நாள் கவனிப்பது என்று தீர்மானித்தேன். மூக்கில் குமிழி வந்தாலோ வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ உடனே கொண்டு வரச் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நாய்க்கு வாங்கி வைத்திருந்த பூச்சி மருந்தில் ஒரு சொட்டு விடலாமே என்று கேட்டிருக்கிறார். அது ஐவர்மெக்ரின். நாய்க்கும் மாட்டுக்கும் தாராளமாகக் கொடுக்கும் இந்த மருந்து ஆமைகளுக்கு நஞ்சு, உடலைச் செயலிழக்க வைத்துக் கொன்றுவிடும். நல்ல காலம், தாய் என்னைக் கேட்டார்.

தீர்மானம் இரண்டு: இதை யார் வைத்திருக்கலாம்?

இதைத்தான் முதலில் தீர்த்திருக்க வேண்டும். நட்சத்திர ஆமை வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இனம். 1937 இல் வந்த அந்தச் சட்டம் பல தடவை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அன்பாகத்தான் வளர்க்கிறோம் என்பது அதற்குப் பதிலாகாது. அழகான ஓட்டுக்காக உலகெங்கும் செல்லப் பிராணியாகக் கடத்தப்படும் ஆமைகளில் இது முன்வரிசையில் நிற்கிறது. 2019 இல், காட்டு உயிர்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றீஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்புக்கு இது உயர்த்தப்பட்டது. அந்த முன்மொழிவை வைத்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்த மாநாடே கொழும்பில் நடக்க இருந்தது, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாறியது.

தாய்க்கு இதைச் சொன்னபோது முதலில் பயம்தான் வந்தது, தம்பிக்கு என்ன ஆகும் என்று. வேறு யோசனைகளும் வந்தன. வளவுக்குள் விட்டால்? காகம், கீரி, பூனை, உடும்பு என்று இந்த அளவுக் குஞ்சைத் தின்ன வரிசையாக ஆள் இருக்கிறது. அதோடு கொக்குவில் இதன் இடமுமல்ல. கோயில் கேணியில் விட்டால்? இரண்டாவது தடவை மூழ்கும், கேணிக்குப் படி இருந்தாலும் இந்தக் காலுக்கு உதவாது. கொண்டு வந்த வழியில் எங்காவது விட்டால்? வலுவில்லாத குஞ்சை எடுத்த இடமும் தெரியாமல் விடுவது கைகழுவும் வேலை.

வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பது என்று முடிவெடுத்தோம். ஆனால் அன்றைக்கே அறிவிக்கவில்லை. கொஞ்சம் தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று நான் ஒரு நாள் தள்ளினேன். தேறவைப்பதும் அறிவிப்பதும் சேர்ந்தே நடந்திருக்கலாம். அந்த ஒரு நாளில் பையன் அதற்குப் பெயர் வைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் காலை 1992 என்ற வனசீவராசிகள் அவசர இலக்கத்துக்கு மாமாவே பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். எங்கே, எப்போது எடுத்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். மழையால் வாகனம் வர சில நாள் ஆகும், அதுவரை வைத்தியரின் பார்வையில் இருக்கட்டும் என்றார்கள். ஆக, குஞ்சுக்கு ஒரு வீடு தேவைப்பட்டது, தற்காலிகமாக.

தற்காலிக வீடு

மீன் தொட்டியை முதலில் ஒதுக்கினோம். தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாவிக்கலாமே என்று தாய் கேட்டார், நியாயமான கேள்வி. கண்ணாடிக்கு அப்பால் தெரிவதைப் போய்ச் சேரலாம் என்று நினைத்துத் தரை ஆமை நாள் முழுக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். வெயிலில் வைத்தால் தொட்டி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். அப்படி வைத்தும் பலன் இல்லை. ஓடு உறுதியாக வளர வேண்டிய உயிர்ச்சத்து டி உடலில் உருவாக வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் பட வேண்டும், கண்ணாடி அதை மறித்துவிடும். மாமா பாசையூரிலிருந்து மீன் கொண்டுவரும் ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். அதுவும் வேண்டாம் என்றேன். குஞ்சு அதைக் கடித்து விழுங்கும்.

கடைசியில் உடுப்பு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. நீளம் இரண்டரை அடி, அகலம் ஒன்றரை, பக்கம் ஊடுதெரியாதது. மூடியின் நடுவை வெட்டிக் கோழிக்கூட்டுக் கம்பிவலை பொருத்தினார்கள். பணம் செலவானது இந்தப் பெட்டிக்கு மட்டும்தான்.

தரைக்குத் தோட்டத்துச் செம்மண் இரண்டு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு, மூன்று அங்குலத் தடிப்பு. மண்ணை மாமரத்தடியிலிருந்து எடுக்கச் சொன்னேன், வெங்காயத் தோட்டத்துப் பக்கமிருந்து வேண்டாம் என்றேன், மருந்தடித்த மண். வெறும் மணலும் கூடாது. உணவோடு சேர்ந்து குடலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அடி மண் ஈரமாகவும் மேல் மண் காய்ந்தும் இருக்க வேண்டும். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கால் தண்ணீர் சொட்டக் கூடாது. பையன் காலையும் மாலையும் இந்தப் பரிசோதனையைச் செய்தான். புட்டுக்கு மாக் குழைக்கும் பதம் என்று அம்மம்மா சொன்னது என் விளக்கத்தைவிட நன்றாக இருந்தது.

ஈரத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. வறண்ட நிலத்து ஆமை என்பதால் காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். குஞ்சுகள் ஆனால் மழைக்காலத்தில் வெளிவந்து புல்லடியிலும் பற்றையடியின் ஈர மண்ணிலும் ஒளிந்து வளர்பவை. காய்ந்த இடத்தில் வளர்ந்தால் ஓட்டின் தகடுகள் கூம்பு கூம்பாக எழும்பும். சத்துக் கூடிய உணவுதான் இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆபிரிக்கத் தரை ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்து 2003 இல் வெளியான ஆய்வில், புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதனே பெரிய காரணம் என்று தெரிந்தது. நட்சத்திர ஆமைக்குக் காட்டிலும் ஓரளவு மேடு பள்ளம் இயல்பு என்பது வேறு கதை.

ஒளிந்துகொள்ள, உடைந்த கறிச் சட்டியின் பாதியைக் கவிழ்த்து வைத்தார்கள். உடைந்த விளிம்பை அம்மியின் ஓரத்தில் தேய்த்து மழுக்கியது அம்மம்மா. தண்ணீர் வைக்க, விளக்கீட்டுக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த மண் சிட்டிகளில் ஒன்று. விளிம்பு மண் மட்டத்துக்கு வரும்படி புதைத்ததால் குஞ்சு ஏறி இறங்க வேண்டியதில்லை. அரை விரல் ஆழம், மூழ்கவும் வழியில்லை. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கிண்ணம் எதுவும் இதற்கு இவ்வளவு பொருந்தியிருக்காது.

வெப்பம்தான் சிக்கலாக இருந்தது. மழை இரவுகளில் அறை 23 பாகை வரை இறங்கியது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் சளி பிடிக்கும். இப்போது வீடுகளில் இருக்கும் எல்ஈடி குமிழ் சூடு தராது. கோழிக்குஞ்சு வளர்த்த காலத்து 40 வாற்று இழைக் குமிழ் ஒன்றைப் பரணில் தேடி எடுத்து, பெட்டியின் ஒரு முனைக்கு மேல் தொங்கவிட்டார்கள். அந்த முனையில் 32 பாகை, மறுமுனையில் 26. குஞ்சு தனக்கு வேண்டிய இடத்துக்குத் தானே போகும். மின்வெட்டு நேரத்துக்கு, துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலைப் பெட்டிக்கு வெளியே ஒட்டி வைத்தார்கள். எறும்புக்கு மேசைக் கால் நாலையும் தண்ணீர் விட்ட சிரட்டைகளில் நிறுத்தினார்கள். குஞ்சின் கண்ணுக்கும் வயிற்றுத் தழும்புக்கும் எறும்பு பெரிய ஆபத்து.

நாலு வயதுத் தங்கச்சியை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. ஊர்வனவற்றின் குடலில் சல்மொனெல்லாக் கிருமி சாதாரணமாகவே இருக்கும். அவற்றுக்கு ஒன்றும் செய்யாது, சின்னப் பிள்ளைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரும். இதனால்தான் அமெரிக்காவில் 1975 இல் நாலு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்பதையே தடை செய்தார்கள். தங்கச்சி பார்க்கலாம், தொடக் கூடாது. மற்றவர்கள் தொட்டால் சவர்க்காரம். பெட்டிச் சாமான்களைக் கழுவுவது கிணற்றடியில், குசினியில் இல்லை.

உணவு

நான் வருமுன் இரண்டு தடவை பாலில் ஊறவைத்த பாணும் ஒரு தடவை சோறும் வைத்திருந்தார்கள். பாலைச் செரிக்க ஆமையால் முடியாது. மாப்பொருள் குடலில் புளித்துப் பொங்கும். நல்ல வேளை, குஞ்சு எதையும் தொடவில்லை.

அதற்குப் பதில் அறுகம்புல் நுனி, செவ்வரத்தை இலையும் பூவும், முள்ளும் தோலும் நீக்கிய நாகதாளி. நார் கூட, சீனி குறைவு. பசளியைத் தவிர்க்கச் சொன்னேன், அதிலுள்ள ஒட்சலேற்று கல்சியத்தைக் கட்டிப்போடும். வேலியோரத்து அலரிப் பக்கம் கையே வைக்கக் கூடாது, அது நஞ்சு. கல்சியத்துக்கு எங்கும் அலையவில்லை. யாழ்ப்பாணத்தில் கணவாய்க் கறி வைக்கும் வீட்டில் கணவாய் ஓட்டுக்கு என்ன பஞ்சம்? கழுவி வெயிலில் காயவைத்துச் சுரண்டிய தூளை ஒரு நுள்ளு இலைமேல் தூவினால் போதும்.

நாட்கள் போன விதம்

மூன்றாம் நாள் எடை 28. தினமும் காலை இளஞ்சூட்டுத் தண்ணீரில், நாடிக்குக் கீழே நிற்கும் அளவில், பதினைந்து நிமிடம் நிறுத்தினோம். கையெடுக்காமல் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, முதல் இரவு யாருக்கும் மறக்கவில்லை. அன்று முதன்முறையாகச் சிறுநீரோடு வெள்ளைக் களிம்பு வெளியேறியது, மணல் போல நறநறப்பாக. உடலில் நீர் குறைந்ததன் அடையாளம். ஆறாம் நாள் அது பற்பசை போல மிருதுவாகிவிட்டது.

நாலாம் நாள் எடை 30. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு இல்லை. தண்ணீரில் விட்ட பிறகு நிறுத்திருக்கிறார்கள், குடித்த தண்ணீர்தான் அந்த எடை. அன்றிலிருந்து தண்ணீரில் விடுமுன்னரே நிறுக்கச் சொன்னேன். மூக்கு அன்று காய்ந்துவிட்டது.

அன்று பின்னேரம்தான் முதல் கடி. செவ்வரத்தை இதழை முகத்துக்கு முன்னால் வைத்ததும் கழுத்தை நீட்டி, தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, வாயை இதழின் அகலத்துக்கு மேலாகவே திறந்து, தவறவிட்டது. மூன்றாம் தடவைதான் பிடிபட்டது. பிடித்ததும் முன்காலால் இதழை மிதித்துக்கொண்டு தலையைப் பின்னால் இழுத்துக் கிழித்தது. பையன் அனுப்பிய ஒரு நிமிட வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்தநாள் கழிவு சிவப்பாக இருந்தது. இரத்தம் என்று தங்கச்சி அழுதாள். பூவின் சாயம்.

ஐந்தாம் நாள் மழை விட்டது. காலை எட்டு மணி வெயிலில் இருபது நிமிடம், பாதி நிழல் விழும்படி கடகம் ஒன்றில் வைத்து முற்றத்தில் இருத்தச் சொல்லியிருந்தேன். மேலே மூட வலை தேவை என்று சொல்ல மறந்துவிட்டேன். பையன் செருப்புப் போட உள்ளே போன இடைவெளியில் காகம் ஒன்று கடகத்தின் விளிம்பில் வந்து குந்திவிட்டது. கண்டது அம்மம்மா. ஈர்க்குமாற்றோடு அவர் ஓடிய ஓட்டத்தைப் பற்றி வீட்டில் இன்னும் பேசுகிறார்கள். ஆமை புகுந்த வீடு என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. வெயில் குளிப்புக்கு அவரே கதிரை போட்டுக் காவல் இருந்தார்.

ஆறாம் நாள் 30, ஒன்பதாம் நாள் 32. இரண்டும் தண்ணீரில் விடுமுன் எடுத்தவை.

ஒப்படைப்பும் பின்னர் நடந்தவையும்

ஒன்பதாம் நாள் உத்தியோகத்தர் இருவர் வந்தார்கள். எடைக் குறிப்பு, உணவு, தொட்டியில் நடந்தது எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வேறு ஊர்வனவற்றோடு சேர்த்து வைக்கவில்லை என்பதைக் கீழ்க்கோடு இட்டேன். காட்டுக்குத் திரும்பும் ஆமை வீட்டு ஆமைகளின் நோயைக் கொண்டு போகக் கூடாது. மாமாவிடம் விபரம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். தானாக அறிவித்து ஒப்படைத்ததால் அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. எல்லோருக்கும் எப்போதும் இப்படித்தான் முடியும் என்று யாரும் இதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

எடுத்த இடத்தை மாமா கிலோமீற்றர்க் கல்லோடு நினைவு வைத்திருந்தார். அதுதான் எல்லாவற்றையும் எளிதாக்கியது. அவர் கூடவே போய்க் காட்டினார். மழைக்குப் பிந்திய காலை நேரம், வீதியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, பற்றையடியில் விட்டார்களாம்.

பையன் என்னிடம் வந்து, “அப்ப நான் ஒரு ஆமையும் வளர்க்கேலாதோ?” என்று கேட்டான். கடையில் சிவப்புக் காது ஆமை வாங்கித் தரலாமா என்று தாயும் கேட்டார். வேண்டாம் என்றேன். சின்னக் குஞ்சாக வாங்கும் அது சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வளரும், இருபது முப்பது வருடம் இருக்கும், தொட்டி போதாமல் ஒருநாள் ஏதோ குளத்தில் போய் விடுவார்கள். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. இப்போது அதே பெட்டியில், அதே 40 வாற்றுக் குமிழின் கீழ், ஐந்து கோழிக்குஞ்சுகள். அவற்றிலும் சல்மொனெல்லா உண்டு. சவர்க்காரம் கிணற்றடியிலேயே இருக்கிறது.

அடுத்த முறை மாற்றுவன

ஆமை என்று யார் அழைத்தாலும் இப்போது முதலில் வட்ஸ்அப்பில் இரண்டு படம் கேட்கிறேன், ஒன்று ஓடு, ஒன்று பின்கால். படம் வரும்வரை தண்ணீர் என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. உடனே ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால், காய்ந்த பெட்டியில் ஈரத் துணியோடு வையுங்கள் என்கிறேன். நன்னீர் ஆமை ஓர் இரவு தரையில் இருந்தால் சாகாது. தரை ஆமை ஓர் இரவு தண்ணீரில் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன்.

1992 க்கு முதல் நாளே பேச வைப்பேன். நகைக் கடைத் தராசுக்குப் பதில் அரைக் கிராம் காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வெயிலுக்கு வைக்கும் கடகத்துக்கு வலை கட்டச் சொல்லித் தனியாக எழுதிக் கொடுக்கிறேன், வாயால் சொன்னால் நான் மறந்துவிடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. விடப் போன வாகனத்தில் பையனையும் அனுப்பலாமா என்று உத்தியோகத்தர்களைக் கேட்டிருக்கலாம். பள்ளிக்கூட நாள் என்று தாய் தயங்கினார், நானும் வற்புறுத்தவில்லை. குஞ்சு எந்தப் பக்கம் திரும்பிப் போனது, இடமா வலமா என்று மாமா ஒவ்வொரு முறை வரும்போதும் அவன் கேட்கிறானாம். மாமா ஒருமுறை இடம் என்கிறார், இன்னொரு முறை வலம் என்கிறார்.